புத்தகம் உள்ள வேனும் உறுதி இல்லாத கூரையும்

தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்குபவர்கள், தார், சிமெந்து, சிலிக்கன் என்று மூன்று சுற்றுச் செலவு செய்துவிட்டு அடுத்த மழையில் மறுபடியும் பாத்திரம் வைக்கிறார்கள். வேன் கூரையானாலும் லயத்துத் தகரமானாலும் இதில் வித்தியாசம் இல்லை. துளைக்குள் புகுந்த நீர் தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஓடும். குறுக்குச் சட்டத்தின் மேல் ஊர்ந்து, சரிவு முடியும் இடத்திலோ ஓர் ஆணியின் முனையிலோ திரண்டு, அங்கேதான் கீழே விழும். நுழைந்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் இடையில் ஆறேழு அடி தூரம் இருக்கலாம்.

இவ்வருடம் மாசி மாதத்தில், தெமோதரையில் பழைய டொல்பின் வேன் ஒன்றின் ஒழுக்கைத் திருத்தும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கூட நின்று பார்த்தேன். வேன் என் தாய்மாமனுடையது. அவர் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறார். வேன் வேலை முடிந்த கையோடு லயத்துக் கூரையிலும் ஏறிப் பார்த்தோம். இரண்டும் தகரம், இரண்டும் பழையவை, இரண்டிலும் ஒழுக்கு. ஒன்றைச் சரியாகத் திருத்த முடிந்தது, மற்றதை முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெமோதரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. எல்லவிலிருந்து வரும் ரயில் பாதை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து இங்கே வந்து, மலையைச் சுற்றி இறங்கி, தெமோதரை நிலையத்துக்குக் கீழேயே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போகிறது. பதுளை வரை ரயில் வந்தது 1924 இல். இன்று அந்தப் பாலத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவர்களை நம்பித்தான் இப்பகுதியில் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. ஊவாவில் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை. பங்குனி, சித்திரையில் பின்னேரங்களில் இடிமழை. ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று. மற்ற மாதங்களில் மழை இல்லாத இரவுகளிலும் மூடுபனி உண்டு. இந்தப் பனி ஒழுக்கு விஷயத்தில் முக்கியமானது. பிறகு வருகிறேன்.

டொல்பின் என்று நாம் சொல்வது 1989 இல் வெளிவரத் தொடங்கிய டொயோட்டா ஹைஏஸ் வரிசையை. மாமாவின் வேன் முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது. 2022 இன் டீசல் வரிசைகள் ஓய்ந்து சுற்றுலாப் பயணிகள் திரும்பி வரத் தொடங்கியபோது, பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டில் தளமும் படுக்கையும் போட்டார். கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி சின்ன மின்விசிறி வைத்தார். மேலே கெரியர் ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கினார். இரண்டு பேர் படுத்துறங்கியபடி எல்ல, ஹப்புத்தளை, அறுகம்பை என்று சுற்றலாம். வெளிநாட்டில் இதைக் கேம்பர் வேன் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் 'கட்டில் வேன்' என்கிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில் பாதைகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன. வேன் லயத்துக்குக் கீழே ஒரு சரிவில் பல நாட்கள் மழையில் நின்றது. அதற்குப் பிறகு உள்ளே போனால் ஈரச் சாக்கு மணம். இடது பின்மூலையில் தளம் காலுக்கு அமுங்கியது. படுக்கையின் நடுவில் சொட்டு விழுந்த கறை.

பதுளைப் பக்கத்துக் கராஜ் ஒன்றின் டிங்கர் பாஸ், வேனைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "எங்க ஒழுகுது?" என்பதல்ல. "எப்படி நிறுத்தியிருந்தீங்க?" என்றார். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றது என்று மாமா சொன்னார். அப்படியானால் முன்னால் நுழைந்த தண்ணீரும் பின்மூலைக்குத்தான் போயிருக்கும். பின்மூலை அழுகியிருப்பதால் பின்மூலையில் ஓட்டை என்று முடிவு கட்ட முடியாது.

ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். உள் சீலிங், பக்கப் பலகைகள், படுக்கை, தளம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உள்ளே முழுதும் காய வேண்டும். ஈரம் இருந்தால் புதுத் தண்ணீர் எது, பழைய தண்ணீர் எது என்று தெரியாது. பிறகு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பால் மெதுவாக நீர் விடுவார். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடமாவது விட வேண்டும், சில ஒழுக்குகள் உள்ளே எட்டிப் பார்க்க அவ்வளவு நேரம் எடுக்கும். சந்தேகமான மூலைகளில் முகப்பவுடரைத் தூவி வைத்தால் தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும். வேகமாகப் பீச்சுகிற பிரஷர் மெஷின் இதற்கு உதவாது, அது நல்ல ரப்பரையும் தாண்டி நீரை உள்ளே தள்ளி இல்லாத ஒழுக்கைக் காட்டும்.

இப்படித் தேடியதில் மூன்று வழிகள் அகப்பட்டன. கெரியர் போல்ட் துளைகள். விசிறிச் சட்டத்தின் விளிம்பு. பின் கண்ணாடி ரப்பரின் ஒரு முனை. படுக்கையின் நடுவில் விழுந்த சொட்டு, நான்கு அடி முன்னால் இருந்த கெரியர் துளையிலிருந்து சட்டத்தின் மேல் ஓடி வந்தது.

நான்காவதாக ஒன்று இருந்தது. அதற்கு ஓட்டையே கிடையாது. இரண்டு பேர் மூடிய வேனுக்குள் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய அரை லீற்றர் நீர் காற்றில் கலக்கிறது. மலைப்பனியில் கூரைத் தகரம் குளிர்ந்திருக்கும். உள்ளே உள்ள வெதுவெதுப்பான காற்று அதில் பட்டதும் நீராகத் திரண்டு, சீலிங்குக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வழிகிறது. மழையே பெய்யாத மாதத்திலும் தகரம் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனால்தான். இதற்கு ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. காற்று ஒரு பக்கம் கீழே வரவும் மறுபக்கம் மேலே போகவும் வழி விட வேண்டும், அவ்வளவுதான்.

தகரக் கொட்டகைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் தாயின் குடும்பத்தில் ஒரு பாதி 1977 கலவரத்துக்குப் பிறகு ஊவாவிலிருந்து வன்னிக்குப் போனது. நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவன். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தபோது, மழை இல்லாத விடியற்காலையிலும் தகரத்திலிருந்தும் தறப்பாளிலிருந்தும் நெற்றியில் சொட்டு விழும். யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். எங்கள் மூச்சுத்தான் திரும்பி எங்கள் மேல் விழுந்தது என்பது தெமோதரைக் கராஜ் வேலையைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

வேனுக்குத் திரும்புகிறேன். ஓட்டை தெரிந்தவுடன் அடைக்கத் தோன்றும். பாஸ் அடைக்கவிடவில்லை. உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே அடைத்தால், மழை நிற்கும், ஆனால் உள்ளிருக்கும் நீருக்குப் போக வழி இல்லாமல் போகும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகரம் கரையும். அதனால் முதலில் காய்ச்சல். நீரை உறிஞ்சி வைத்திருந்த ஸ்பொஞ் முழுவதும் எறியப்பட்டது. அழுகிய பிளைவுட்டைக் காய வைத்து மறுபடி போடலாம் என்று மாமா ஆசைப்பட்டார். ஓரத்தை ஸ்குரூட்ரைவரால் குத்தியபோது அடுக்குகள் புத்தகப் பக்கங்களாகப் பிரிந்தன. அதுவும் போனது. கதவுகளுக்கு அடியிலும் ஓரச் சட்டங்களிலும் நீர் வடிவதற்கென்றே கம்பனி வைத்த சிறு துளைகள் உண்டு. முப்பது வருடச் சேறு அவற்றை அடைத்திருந்தது. ஒரு கம்பியால் குத்தியதும் இடது சட்டத்துக்குள்ளிருந்து ஒரு கோப்பைக்கு மேல் பழுப்பு நீர் வந்தது. பழைய வேன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய, காசு செலவில்லாத வேலை இந்தத் துளைகளைத் திறப்பதுதான்.

துருவை மூன்று விதமாகப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகச் செம்மை படர்ந்திருந்தால் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தால் போதும். சிறு குழிகளாக அரித்திருந்தால் தேய்த்த பிறகு துருமாற்றி பூச வேண்டும். பொஸ்பரிக் அமிலமோ டானிக் அமிலமோ கொண்ட அந்தத் திரவங்கள், எஞ்சிய துருவை அடர்ந்த கறுப்புப் படலமாக மாற்றுகின்றன. (டானின் தேயிலையிலும் உண்டு. சாயத் தண்ணீர் பட்ட இரும்பு கறுத்துப்போவதைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்காக வேனுக்குத் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், அந்தச் செறிவு போதாது.) மூன்றாவது, ஸ்குரூட்ரைவர் முனை உள்ளே இறங்கிவிடுகிற இடம். அங்கே தகரம் இல்லை, பெயின்ட்தான் நிற்கிறது. நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுத்து, புதுத்துண்டு வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். பின்மூலையில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு துண்டுகள் போயின. ஓட்டைமேல் ஃபைபரும் பட்டியும் அப்பி மூடுவது சந்தையில் விற்கப்போகிற வேனுக்குச் செய்கிற வேலை. ஓட்டப்போகிறவன் செய்யக்கூடாது.

வெல்டிங்குக்கு முன் பெட்டரி வயர் கழற்றப்பட வேண்டும், பக்கத்தில் துணி, பலகை, ஸ்பொஞ் எதுவும் இருக்கக்கூடாது, தண்ணீர் வாளி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேய்த்த இரும்புக்கு அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும் என்பதில் பாஸ் கண்டிப்பு. இந்த ஊர்ப் பனியில் ஓர் இரவு விட்டால் காலையில் மறுபடி செம்மை. அடிப்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நான் அதற்கு எதிர்ப்பு. அது ரப்பர்களை ஊதவைக்கிறது, மழையில் கழன்று போய் ஓடையில் கலக்கிறது, அந்த ஓடையில்தான் கீழ்க்கணக்கு லயத்தார் குளிக்கிறார்கள்.

ஒட்டுகிற பொருளைப் பற்றித்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கன் டியூபைத் திறந்தால் வினாகிரி மணம் வரும். காயும்போது அது அசற்றிக் அமிலம் விடுகிறது. கண்ணாடித் தொட்டிக்கு அது சரி. இரும்புத் தகரத்திலும் நாகப்பூச்சுள்ள தகரத்திலும் அந்த அமிலம் அடியில் துருவைத் தொடங்கி வைக்கும். மேலே பெயின்டும் பிடிக்காது. மாமா விசிறிச் சட்டத்துக்கு அதைத்தான் பூசியிருந்தார். சுரண்டி எடுத்தபோது அதன் அடியில் வட்டமாகத் துரு. உலோகத்துக்கு ஏற்றது மணமில்லாத நியூட்ரல் சிலிக்கன், அல்லது பொலியூரித்தேன். சட்டத்துக்கு அடியில், அழுந்தும் இடத்தில், பியூட்டைல் டேப் வைக்க வேண்டும். அது காய்ந்து இறுகாது, சூயிங்கம் மாதிரி மென்மையாகவே இருந்து தகரம் அசையும்போது கூடவே அசையும். ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் இறுக்கினால் டேப் முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்கினார்கள்.

பின் கண்ணாடிக்குப் புது ரப்பர். ரப்பரின் உட்பள்ளத்தில் நைலோன் கயிற்றைச் சுற்றி வைத்து, சவர்க்கார நீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உட்கார்ந்தது. பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை அது. கெரியர் திரும்பப் போகவில்லை. துளைகள் வெல்டிங்கில் மூடப்பட்டன. "மேல சாமான் கட்டணும்னா கூரைப் பீலியில கவ்வுற மாதிரி கெரியர் வாங்கிக்கங்க. கூரைய ஓட்டை போடாதீங்க" என்றார் பாஸ். புதுத்தளப் பலகையின் நான்கு ஓரங்களிலும் பெயின்ட் குடிக்கக் குடிக்கப் பூசினார்கள். பலகை தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய ஓரத்தால். தகரத்தில் நேராக ஒட்டாமல் அரை அங்குலச் சட்டங்களின் மேல் உட்கார வைத்ததால் அடியில் காற்று ஓடுகிறது.

பங்குனிக் கடைசியில் முதல் இடிமழை வந்தது. மாமா பழைய தினசரித் தாள்களை மூலைகளில் விரித்து வைத்திருந்தார். ஒரு தாளும் நனையவில்லை.

இவ்வளவு பாடு ஏன், வித்துவிட்டு வேறு வேன் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வேன்களின் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. திறந்த பிறகு வந்தவற்றின் விலை வரியோடு சேர்ந்து எங்கேயோ நிற்கிறது. முப்பது வருட வேனைக் காப்பாற்றுவதுதான் கணக்குக்குச் சரிவரும். திருத்தக் காசு? வேனின் புத்தகத்தை லீசிங் கம்பனி ஒன்றில் வைத்து எடுத்தார். பதிவுச் சான்றிதழை நம் ஆட்கள் இன்னும் புத்தகம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் மாமாவின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக் கடன் கிடைத்தது, கடனில் தகரம் வெட்டப்பட்டது.

இனி லயம்.

அது ஆறு காம்பரா கொண்ட ஒற்றை லயம். பிரித்தானியர் காலத்துச் சுவர். கூரை நெளிதகரம், பல தடவை அங்குமிங்கும் மாற்றப்பட்டது. காற்றுக்குப் பறக்காமல் கல்லும் பழைய டயரும் மேலே கிடக்கின்றன. மாமாவின் காம்பராவில் குசினிப் பக்கம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. அத்தை பாத்திரங்களின் இடத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார், இருட்டிலும் சரியாக வைப்பார்.

நெளிதகரத்தில் மேடும் பள்ளமும் உண்டு. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ஆணி அடிக்க வேண்டியது மேட்டில். பள்ளத்தில் அடித்தால் ஒவ்வொரு மழையும் ஆணியைச் சுற்றித்தான் ஓடும். லயத்துக் கூரையில் பாதி ஆணிகள் பள்ளத்தில் இருந்தன, அடிக்க வசதி என்பதால். வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும். பத்து அடித் தகரம் நாற்பது பாகை வித்தியாசத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு நகர்கிறது. சிறிதுதான், ஆனால் தினமும். ஆணித் துளை மெல்லப் பெருக்கிறது, ஆணி மேலே எழும்புகிறது. அதன்மேல் பூசிய சிமெந்து இந்த அசைவைத் தாங்காமல் வெடிக்கிறது. ஈரச் சிமெந்து நாகப்பூச்சையும் அரிக்கும். தார் சில மாதம் தாங்கும், வெயிலில் உருகி, பிறகு வறண்டு பிளக்கும். ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவை மேட்டில் போடுவதும், பழைய துளைகளுக்கு மேல் பியூட்டைல் டேப்போ, மேல் தகரத்துக்கு அடியில் செருகிய தட்டைத் தகரத் துண்டோ வைப்பதும்தான் நிற்கும். துண்டின் மேல்முனை கட்டாயம் மேல் தகரத்துக்கு அடியில் போக வேண்டும். இரண்டு தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். குறைந்தால் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியே நீரை மேல்நோக்கி உறிஞ்சி உள்ளே விடும். ஏறுகிறவர்கள் சட்டம் போகும் வரிசையில் பலகை போட்டு நடக்க வேண்டும். ஈரத்தில் ஏறவே கூடாது.

சில லயங்களில் தகரத்துக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் சீட் போட்டிருக்கிறார்கள். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ, அறுக்கவோ, துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. மேலே பூசுகிற வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒழுகுகிற இடத்துக்குப் பக்கத்தில் வயர் போனால் முதலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். லயங்கள் மின்னொழுக்கால் தீப்பற்றி வரிசையாக எரிந்த செய்திகளை இத்தளத்தின் வாசகர்கள் எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள்.

மாமாவின் குசினி ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று வேனில் கற்றபடி கீழிருந்து மேலாக நீர் விட்டுப் பார்த்தோம். மூன்றில் ஒன்றுதான் அவருடைய காம்பராவுக்கு மேல். மற்ற இரண்டும் பக்கத்துக் காம்பராக்காரரின் கூரையில் நுழைந்து, பொதுச் சட்டத்தின் மேல் ஓடி, சுவரைத் தாண்டி இங்கே விழுகின்றன. அந்தக் காம்பராவில் ஒரு துளியும் இல்லை. லயத்துக் கூரை ஆறு குடும்பத்துக்கும் ஒன்று. தனியாக ஒருவர் தன் தலைக்கு மேலே மட்டும் திருத்துவது அர்த்தமில்லாத செலவு.

அப்படியானால் ஆறு பேரும் சேர்ந்து முழுக் கூரையையும் மாற்றலாமே? இங்கேதான் புத்தகக் கதை வருகிறது. தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுடையது, கம்பனிகள் 2045 வரையான குத்தகையில் வைத்திருக்கின்றன. லயம் அந்தக் குத்தகைக்குள் அடங்கிய கட்டடம். ஐந்து தலைமுறை குடியிருந்தாலும் குடியிருப்பவர் கையில் தாள் எதுவும் இல்லை. தாள் இல்லாவிட்டால் வங்கியில் வீட்டுக்கடன் இல்லை. கட்டடத்தின் அமைப்பை மாற்றத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபைகள்கூட 2018 இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடை இருந்தது.

"வேனு முப்பது வருசம். அதுக்குப் புத்தகம் இருக்கு, அத வச்சு திருத்திப்புட்டேன். இந்த லயம் நம்ம தாத்தா காலத்துது. இதுக்கு என்னாத்த வைக்கிறது, மருமகனே? தகரம் கேட்டு எழுதுனா, ஒங்க வீட்டுல யாரு பேரு போடுறாங்கன்னு கேக்குறாங்க" என்றார் மாமா. அவரும் அத்தையும் இப்போது தோட்டத்தில் வேலை செய்வதில்லை. அவர்களுடைய மகன் கொழும்பில். தோட்டத்தில் பேர் விழாத வீட்டுக்குத் தகரம் கேட்பது கெஞ்சலாகவே முடிகிறது.

தனி வீடுகள் கட்டப்படாமல் இல்லை. இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகள், குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புதிய கிராமங்கள் அதிகார சபை எல்லாம் உண்டு. பட்டியலில் பெயர் வரும் வரை பழைய தகரத்துக்குக் கீழேதான். வன்னி வாசகர்களுக்கு இந்தக் காத்திருப்பை விளக்கத் தேவையில்லை. மலையகத்திலிருந்து போய் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலவற்றுக்கு, போருக்கு முன்னும் பின்னும் வீட்டுத்திட்டம் தவறிப்போனதற்குக் காரணம் இதே காணி உறுதிதான்.

ஒரு விஷயத்தை மட்டும் கூரை ஒழுக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மலையை வெட்டித்தான் லயங்கள் கட்டப்பட்டன. பின்சுவர் கீழிருந்து ஈரமாவது, தரையில் புதிதாக நீர் ஊறுவது, ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்வது, கதவு திடீரென இறுகி மூட மறுப்பது, இவையெல்லாம் மண் நகர்வதற்கான அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இம்மாவட்டம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. அந்த நேரத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. லயத்துக்குப் பின்னால் உள்ள கானை மழைக்கு முன்பே தோண்டி வைப்பது, கூரையை விட முக்கியமான வேலை.

ஆறு குடும்பமும் கையெழுத்திட்டுத் தகரத்துக்கும் திருத்த அனுமதிக்கும் கொடுத்த கடிதம் தோட்ட அலுவலகத்தில் இருக்கிறது. பதில் வரும் முன்பே, பங்கு போட்டு வாஷர் ஸ்க்ரூக்களும் இரண்டு சுருள் பியூட்டைல் டேப்பும் வாங்கி மாமாவின் வேனுக்குள் வைத்திருக்கிறார்கள், லயத்தில் நனையாத இடம் அதுதான் என்பதால். பள்ளத்து ஆணிகளைக் கழற்றி மேட்டுக்கு மாற்றும் வேலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனியில் மழை குறைந்ததும் தொடங்குவார்கள். பகலில் காற்று ஏறிவிடும், அதனால் விடியற்காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்க வேண்டும்.